ஓரியின் தலைக்கவசம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கொல்லிமலையில் வேலை பார்க்கும் நம்மில் வல்வில் ஓரி நாடகம் போடாதவர் யாரும் இருக்க முடியாது. ஆடி 17, 18 வந்தால் செம்மேட்டில் விழா. குதிரை மேல் இருக்கும் அந்தச் சிலையைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். நாங்கள் கலைத் திருவிழாவுக்காக அந்த நாடகத்தை எடுத்தோம். கிரீடத்தை நாமக்கல்லில் வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஓரி சண்டைக்குப் போறாரு சார், கிரீடம் எதுக்கு? தொப்பி மாதிரி இரும்புல வேணும்" என்றான். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்துகிறவன். பார்த்தால் வேட்டுவன் என்றே நினைக்க வைப்பவன். ஆகவே தலைக்கவசம் முழுக்க எங்கள் கற்பனைதான்.

எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற பையன் அவன். வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். செய்யும் பொறுப்பை அவனிடமே கொடுத்தேன்.

நூலால் தலையைச் சுற்றி அளந்தோம், 53 செ.மீ. அந்த அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பலூனை ஊதி, கிழித்த செய்தித்தாளை மைதாப் பசையில் நனைத்து ஒட்டினோம். மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது என்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் வேண்டாம். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சிக்கொண்டோம். மறுநாள் காலை பார்த்தால் ஓடு முழுக்கச் சுருக்கம், பள்ளம். இரவுக் குளிரில் உள்ளே இருந்த காற்று சுருங்கி, பலூன் தளர்ந்துவிட்டது. அறிவியல் பாடத்தில் வெப்பத்தால் வாயு விரிவதைப் பத்து வருடமாக நடத்துகிறேன், இது தோன்றவில்லை.

பள்ளங்களை அடைக்கவேண்டும். தச்சர்கள் மரத்தூளையும் பசையையும் குழைத்து மக்கு வைப்பார்கள், சுவருக்குப் பெயின்டர் பட்டி பார்ப்பார். எங்களிடம் இருந்தது கரும்பலகைக்கு அடியில் சேர்ந்த சாக்பீஸ் துண்டுகள். பொடித்துச் சலித்து, ஃபெவிகாலில் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்தோம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஒரே தடவையில் நிரப்பக்கூடாது. மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால், பிறகு வெடிக்கும். மெல்லியதாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. கீழ்நாட்டில் ஒரு நாளில் காய்வது, நம் மழைமூட்டத்தில் மூன்று நாள் எடுத்தது.

பிறகு உப்புத்தாள். முதலில் 80, அடுத்து 120, கடைசியில் 220. எண் கூடினால் சொரசொரப்பு குறையும். இது அவனுக்குப் பிடிபடவில்லை. "பெரிய நம்பர்தானே சார் பெருசா அறுக்கணும்?" என்றான். 1/80, 1/220 என்று தரையில் எழுதிக் காட்டினேன். பகுதி பெரிதானால் பின்னம் சிறிதாகும் என்பதை அன்றுதான் அவன் விரல் வழியாக ஒப்புக்கொண்டான். வகுப்பில் நான் தோற்ற இடம் அது.

தேய்ப்பது வெளியில், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான். மேடு தெரியவேண்டுமானால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். அவன் அதையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பான். அளவுக்கு மேல் தேய்த்தால் காகித நார் பஞ்சாகக் கிளம்பும். அங்கே தண்ணீர் கலந்த பசையைப் பூசிக் காயவிட்டு மறுபடி தேய்க்கவேண்டும். இரண்டு வாரம். ஒரு நாளும் அவன் விடுப்பு எடுக்கவில்லை.

இனி நான் செய்த தவறு. போட்டிக்கு முந்தின நாள் மாலை வரை இடப்பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. கவசத்தை வீட்டுக்கு எடுத்துப்போனேன். இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து பள்ளத்தை நிரப்பி, அடுப்படியில் காயவைத்து, தேய்த்து, விளிம்பில் சணல் கயிறு ஒட்டி, வெள்ளி வண்ணமும் அடித்துவிட்டேன். காலையில் கொடுத்தபோது தடவிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. வட்டாரப் போட்டியில் நடுவர் ஒருவர் மேடையிலேயே, "கவசம் பிரமாதம், யாருப்பா செஞ்சது?" என்று கேட்டார்.

"சார் செஞ்சது" என்றான்.

பொய் இல்லை. கோபமும் இல்லை அவன் குரலில். அடுத்த திங்கள், செவ்வாய் அவன் பள்ளிக்கு வரவில்லை.

புதன்கிழமை வந்தவனிடம், "நான் எடுத்துப் போயிருக்கக் கூடாதுடா" என்றேன். இன்னொன்று செய்வோமா என்று கேட்டேன். ஒரு வாரம் கழித்து அவனே பழைய மண்சட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். "இது குளிருக்குச் சுருங்காது சார்." சட்டியைக் கவிழ்த்து, பாலித்தீன் தாள் சுற்றி, அதன்மேல் காகிதம் ஒட்டினான். இந்த முறை டார்ச் பிடித்தது மட்டும்தான் நான். ஆணித்தலைக்குக் காப்பிக்கொட்டையை வரிசையாக ஒட்டினான். ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் அழகாக உட்காருகிறது. மிளகு உருண்டு விழுகிறதாம், விலையும் அதிகமாம். அடியில் கறுப்பு பூசிக் காய்ந்த பிறகு, வெள்ளி வண்ணத்தைப் பிரஷ்ஷிலிருந்து துணியில் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசினான். பள்ளங்களில் கறுப்பு நின்றது. இரும்பாகவே தெரிந்தது.

அதிலும் முன்னால் ஒரு பள்ளம். மக்கு மீதி இருந்தது. "அடைக்கலையா?" என்றேன். "திருமுடிக்காரியோட சண்டையில பட்ட அடி சார், அது இருக்கட்டும்" என்றான்.

இரண்டு கவசங்களையும் மேசை மேல் வைத்திருக்கிறேன். உப்புத்தாளும் சாக்பீஸ் பொடியும் இருக்கின்றன. தேநீர் வருவதற்குள் ஒவ்வொருவராக வந்து, கண்ணை மூடித் தடவிப் பாருங்கள்.