ஊர் ஏடுகளைக் காக்கும் சிறு கணினி



வெள்ளத்தில் ஊர் ஏடுகள் அழிந்தால் நம் உரிமைக்குச் சான்றில்லாமற் போகும். அவற்றின் நகலைக் காத்து, கேட்டவர்க்கு எடுத்துத் தர ஒரு சிறிய சர்வர் போதும். 2012-ஆம் ஆண்டில் பிரிட்டனில் அறிமுகமான ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி இவ்வகையில் பயன்படுகிறது. 5 வாட் மின்சாரத்தில் இரவு பகலாக ஓடினாலும் மாதச் செலவு 3.6 யூனிட்டே. கிராம சபைத் தீர்மானங்களையும், வரவு செலவுக் கணக்குகளையும் அதில் சேமிக்கலாம். கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளின் துணையால் தமிழ் விக்கிப்பீடியாவையும் அதில் வைத்தால், இணையமில்லாத நாளிலும் மாணவர்கள் வைஃபை வழியே கைப்பேசியில் படிக்கலாம்.

எனினும் ஒரே பெட்டியை நம்புதல் ஆகாது. வாரந்தோறும் மற்றொரு நகலெடுத்து, மேட்டிலுள்ள வேறு கட்டடத்தில் வைத்தல் வேண்டும். அடுத்த கிராம சபையிலேயே இதனைத் தீர்மானித்துச் செயற்படுவோமாக!