ஈ எந்தக் காயில் பிறந்தது?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசல் காட்டு ஓரமாக நடந்தால் இலந்தை, எருக்கு, வேலிக்கோவை மூன்றும் கண்ணில் படும். மூன்றிலும் பழ ஈ உண்டு. மூன்றும் வெவ்வேறு ஈ. கடையில் வாழைத்தாரைச் சுற்றும் பொடி ஈயை நினைக்காதீர்கள். அது அழுகலுக்கு வருவது. இது நல்ல காயைத் துளைத்து முட்டையிடுவது.

ஒரு தை மாதம் இலந்தை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பட்டாசு ஆபீஸ் வேலை முடிந்து வந்த ஓர் அம்மா, "நல்ல பழத்த விட்டுட்டுச் சொத்தையப் பொறுக்குறீங்களே சார்!" என்றார். "சொத்தைக்குள்ளதாம்மா எனக்கு வேலை" என்றேன்.

உள்ளிருக்கும் புழு ஈயாகும்வரை வளர்க்க, பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமணல் போட்டு, மேலே சொத்தைப் பழத்தை வைத்து, வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டிவிடுவேன். முதிர்ந்த புழு உடம்பை வளைத்துத் துள்ளும்! பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், விடமாட்டார்கள். மணலுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு வாரத்தில் ஈயாக வரும். வந்ததும் பிடித்துவிடாதீர்கள். சீனித்தண்ணீர் வைத்து இரண்டு மூன்று நாள் விட்டால்தான் நிறம் ஏறும். மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி, இறக்கையில் பழுப்புப் பட்டை தெரிந்தால், அது கார்ப்போமியா வெசுவியானா என்கிற இலந்தைப் பழ ஈ.

இவ்வளவு பாடு எதற்கு, இலையில் உட்கார்ந்ததைப் பிடித்தால் போதாதா என்பீர்கள். போதாது. ஈ உட்காரும் செடியெல்லாம் அது வளர்ந்த செடி அல்ல. கொசுவுக்கென்று பூசுகிற சிட்ரோனெல்லா எண்ணெயை ஆண் பழ ஈக்கள் தேடி வருவதை பீகாரின் பூசாவில் இருந்த ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் 1912இல் எழுதினார். இழுக்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்று 1915இல் சொன்னார். மாந்தோப்புப் பொறிகளில் இன்றும் அதுதான். சில துளசிகளிலும் அது இருப்பதால் மாம்பழ ஈயின் ஆண்கள் துளசியை மொய்க்கும். ஆனால் துளசியிலா புழு வளர்கிறது? எதற்குள்ளிருந்து ஈ வெளிவந்ததோ, அதுதான் அதன் செடி. அந்தச் செடியில் இலை, பூ, காயோடு ஒரு கொப்பை ஒடித்து, தாளுக்கிடையில் அழுத்தி, தேதியும் இடமும் எழுதி வையுங்கள்.

எருக்கங்காய்க்குள் விதையைத் தின்பது டாக்கஸ் பெர்சிகஸ் என்கிற ஈயின் புழு. வளர்ந்த ஈ குளவி மாதிரி இருக்கும். கோவைப்பழத்தில் வளர்வது பாகல், பீர்க்கைக் கெடுக்கிற அதே ஈ. தோட்டத்தில் காய் இல்லாத நாளிலும் வேலியில் அது பிழைத்துக் கிடக்கும். ஆகவே சொத்தையைப் பொறுக்குங்கள், ஈ வரும்வரை காத்திருங்கள், செடியையும் குறித்துவையுங்கள். பாகல் பந்தல் போட்டிருப்பவர்கள் இனி வேலிக்கோவையையும் ஒரு பார்வை பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.