கத்தியைப் படித்தல்



போடிநாயக்கனூர்ச் சரிவுகளில் ஏலத் தோட்டத் தொழிலாளியின் அரிவாளுக்குக் கூர்மையே மதிப்பு. தேய்ந்தால் அது கொல்லன் உலைக்குத் திரும்பும். பழைய போர்க்கத்தியோ ஓர் ஏட்டுச்சுவடி, படித்தறியத்தக்கது.

பேர்பெயர்ன், சைக்ஸ் இருவரும் வகுத்த கத்தியை 1941இல் வில்கின்சன் சுவார்டு நிறுவனம் செய்தது. முதல் வகையின் கைக்காப்பு எஸ் எழுத்துப்போல் வளைந்திருக்கும், இரண்டாவதில் நேராகும், மூன்றாவதன் பிடியில் வளையங்கள் காணும். கூர்க்கர் படையின் குக்கிரியில் அம்புக்குறியும் ஆண்டும் பொறித்திருப்பதுண்டு. குறி, பிடி, உறை, தேய்மானம் நான்கும் ஒத்தால்தான் பொருள் மெய். ஆண்டு பழையதாயிருந்து பிடி புதியதாயின் ஐயுறல் வேண்டும். பளபளப்புக்காகத் தேய்ப்பவர் குறியை அழிக்கிறார். விலையோடு சாட்சியும் போகிறது.

இவ்விழப்பைத் தமிழகம் அறியும். 1855இல் தஞ்சை அரசுரிமை முடிந்தபின், அரண்மனைப் படைக்கலங்களில் பெரும்பகுதி பழைய இரும்பாய் விற்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. தென்னாட்டுக் கட்டாரிகள் சிலவற்றில் ஐரோப்பிய அலகு பொருந்தியிருக்கும். கடல் வாணிகத்தின் சான்று அது. எடை போட்டவர்க்கு அது இரும்பு, படித்தவர்க்கு வரலாறு.

நூறாண்டு கண்ட கலைப்பொருளை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருள் என்கிறது. தனியார் அதை அயல்நாட்டிற்கு அனுப்பலாகாது.

கவிஞர்களே, பரணில் பழங்கத்தி கிடைத்தால் உப்புத்தாளைத் தேடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து எழுத்தைத் தேடுங்கள். பாட்டன் கவிதையைத் திருத்தாமல் படிப்பதும் அதுவே.