கைவருதல்: ஒரு சொல்லும் ஒரு சிகிச்சையும்



பக்கவாதத்தால் தாக்குண்ட முதியவர், 'கை வரவில்லை' என்பார். அதே வினையால் அமைந்த 'கைவந்த கலை' என்னும் வழக்கோ பயின்று பெற்ற திறனைக் குறிக்கும். இழந்த கையசைவும் பெருமளவு பயின்றே கைவரப்பெறுவது என்பதுதான் இன்றைய மறுவாழ்வு மருத்துவத்தின் அடிப்படை.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டௌப் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். நோயின் தொடக்கத்தில் கையை அசைக்க முயன்று தோற்றவர், நல்ல கையாலேயே எல்லாம் செய்யப் பழகிவிடுகிறார். பின்னர் அசைக்கும் ஆற்றல் ஓரளவு திரும்பினாலும் அக்கையைப் பயன்படுத்துவதில்லை. எனவே நல்ல கைக்கு உறையிட்டு, நலிந்த கையால் நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி அளிக்கும் முறை உருவாயிற்று. 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், பக்கவாதம் கண்டு 3 முதல் 9 மாதங்களான 222 பேர் பங்கேற்றனர். இரு வாரம் இவ்வாறு பயின்றோர் பெற்ற முன்னேற்றம், வழக்கமான சிகிச்சை பெற்றோரினும் மிகுதி. ஓராண்டுக்குப் பின்னும் அது நிலைத்தது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நீட்ட இயல்வோர்க்கே இம்முறை பொருந்தும்.

அசைவு மிகக் குறைந்தோர்க்கு ஆடிச் சிகிச்சை உதவக்கூடும். சென்னையில் மருத்துவம் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், உறுப்பிழந்தோர் அவ்விடத்தே உணரும் வலிக்காகக் கண்ணாடியைக் கையாண்டார். அவ்வழியே, நல்ல கையின் பிம்பத்தை நலிந்த கையின் இடத்தில் காணச் செய்யும் பயிற்சி பக்கவாதத்திற்கும் வந்தது.

இனி, மொழியியலார் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று. 'கையை நீட்டுங்கள்' என்னும் தொடரில் செயப்படுபொருள் கை. 'குவளையை எடுங்கள்' என்னும்போது செயப்படுபொருள் குவளை. கை, சொல்லப்படாத கருவியாகிறது. வெறுங்கையை நீட்டுவதினும் உண்மையான பொருளை நாடி நீட்டும்போது அசைவு சீர்படுகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏவும் சொல்லும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மேலும், வலக்கையை இயக்குவதும் பெரும்பாலோரின் மொழியை ஆள்வதும் இடப்பக்க மூளை. ஆதலால் வலக்கை நலிந்தவர்க்குச் சொற்களும் நழுவக்கூடும். அவருக்கு நீண்ட விளக்கம் பயன்தராது. அவர் வாழ்ந்த மொழியில், ஒரு வேளைக்கு ஒரு வினை போதும்.

இங்கே பல இல்லங்களில் சிகிச்சையாளர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்பவர்கள் பேரப்பிள்ளைகளே. பற்று, விடு, மடக்கு, நீட்டு, திருப்பு ஆகிய வினைகளை அவர்கள் தயங்காது சொல்ல அறிந்திருக்க வேண்டும். நலிந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கலாகாது, தோள்மூட்டு ஊறுபடும். 'நான் எடுத்துத் தருகிறேன்' என்னும் அன்பும் அளவு மீறினால் அக்கையை உறங்கவைத்துவிடும். 'நீங்களே எடுங்கள் தாத்தா' என்று சொல்லி, சிகிச்சையாளர் காட்டிய முறையில் அவர் எடுக்கும்வரை அருகில் பொறுத்திருங்கள்.