புழக்கடைக் கோழி வளர்ப்பும் கோழியினங்களின் குணபேதங்களும்

(நமது சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யாம் பேசப் புகும் பொருள் பார்வைக்குச் சிறிது. ஆயின் பல குடும்பங்களின் அன்றாட ஜீவனம் அதனைப் பற்றியுளது. ஆதரவற்ற கைம்பெண்களுக்கும் வறிய குடும்பத்தாருக்கும் சங்க நிதியிலிருந்து கோழிகள் வாங்கி உதவுவதென நிர்வாக சபையார் தீர்மானித்திருக்கின்றனர். எவ்வினக் கோழியை வாங்குவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மிகுதியாக முட்டையிடும் சீமைக் கோழியே வேண்டுமென்பார் ஒரு சாரார். பாட்டன் காலத்து நாட்டுக்கோழியே போதுமென்பார் மற்றொரு சாரார். கோழி வளர்த்தல் நமது குலத்தின் கௌரவத்திற்கு ஏற்றதன்று என்று முகஞ் சுளிப்பாரும் உளர். இம்மூவருக்கும் யாம் விடை கூறக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

முதற்கண், கௌரவத்தைப் பற்றிப் பேசுவாருக்கு ஒரு வார்த்தை. முருகப் பெருமான் தன் கொடியிற் சேவலை ஏந்தினான். சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கிற்று. சேவலொன்று யானையோடு பொருது வென்ற தலமாதலின் அப்பெயர் பெற்றது என்பது கர்ண பரம்பரை. இஃதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். நம் வீட்டுப் பெண்மணிகள் பிறர் கையை எதிர்பாராது சேர்த்து வைக்கும் பணத்திற்குச் சிறுவாடு என்று பெயர். அச்சிறுவாட்டுக்கு முட்டையையும் குஞ்சையும் விடப் பழமையான ஊற்று வேறில்லை. பெண் குழந்தையின் நோட்டுப் புத்தகத்திற்கும், மருந்துச் சீட்டுக்கும், பேருந்துச் சத்தத்திற்கும் அக்காசு உதவியிருப்பதை இங்கே அமர்ந்துள்ள தாய்மார்களில் அநேகர் அறிவர். உழைத்துப் பெறும் காசில் இழிவு ஏது?

இனி இனங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். உலகிலுள்ள வீட்டுக் கோழிகட்கெல்லாம் மூதாதை ஆசியாவின் காடுகளில் வாழும் செங்காட்டுக் கோழி. ஆயினும் பல இனங்களுக்குள்ள மஞ்சள் நிறத் தோல், நமது தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக் கோழியின் இரத்தக் கலப்பால் வந்ததென்று 2008-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் நிறுவினர். ஆகவே சீமைக் கோழியென்று நாம் வியக்கும் பறவையின் உடம்பிலும் நமது மலைக்காட்டின் பங்கு உண்டு. இது மட்டுமன்று. நமது அசில் சேவலின் வழியை இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியார் கொண்டு சென்று கார்னிஷ் என்னும் இனத்தை உண்டாக்கினர். அந்தக் கார்னிஷோடு அமெரிக்காவின் பிளிமத் ராக் இனத்தைச் சேர்த்தே இக்காலத்துக் கறிக்கோழி உருவாயிற்று.

சீமை இனங்களுள் தலையாயது வெள்ளை லெகார்ன். இத்தாலி தேசத்து லிவோர்னோ துறைமுகத்தால் இதற்கு இப்பெயர் வந்தது. உடல் சிறிது, உண்பது குறைவு, நல்ல போஷணையில் ஆண்டுக்கு 250-க்கு மேலும் வெண்ணிற முட்டைகள் இடும். ஆனால் இதற்கு அடைகாக்கும் குணம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. வெண்ணிறமாதலின் திறந்த புழக்கடையிற் பருந்தின் கண்ணுக்கு எளிதில் புலப்படும். ரோட் ஐலண்ட் ரெட் என்பது அமெரிக்க இனம், செந்நிறமும் சற்றுக் கனத்த உடலும் உடையது, பழுப்பு முட்டையிடும், லெகார்னை விடச் சாதுவானது. ஆஸ்திரேலியாவின் கரிய இனமாகிய ஆஸ்ட்ரலார்ப்பு 1922-23-ஆம் ஆண்டுப் போட்டியிற் பெரும் புகழ் பெற்றது. அவ்வினத்து ஆறு பெட்டைகள் 365 நாட்களில் 1,857 முட்டைகள் இட்டன, சராசரி 309½.

நம் நாட்டினங்களுக்கு வருவோம். சிறுவிடை என்பது சிற்றுடலும் சுறுசுறுப்பும் உடையது. பருந்தின் நிழல் கண்டவுடன் குஞ்சுகளைக் கூவி அழைத்துப் புதரிற் புகும். அடைகாப்பதில் இதனை மிஞ்சுவது இல்லை. பெருவிடை உயரமும் எடையும் மிகுந்தது. இறைச்சிக்கு நல்ல விலை பெறும். கழுத்தறுத்தான் என்னும் கழுத்து மொட்டையான கோழியைக் கண்டு நகைப்பார் பலர். ஆயின் இறகு குறைந்திருத்தலால் உடற்சூடு எளிதில் வெளியேறி, சித்திரை வெயிலை அது நன்கு தாங்குகிறது. அக்குணம் ஒரு பக்கத்துப் பெற்றோரிடமிருந்து வந்தாலும் குஞ்சில் வெளிப்படும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் கடக்நாத் என்னும் கருங்கோழிக்குத் தோலும் தசையும் எலும்பும் கருமை. 2018-ல் அதன் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முட்டை கருமையன்று, எண்ணிக்கையும் ஆண்டுக்கு நூற்றையொட்டியே நிற்கும். எனவே கறுப்பென்னும் காரணத்தால் வியாபாரிகள் கூறும் விலைக்கெல்லாம் மயங்கலாகாது.

அசிலைப் பற்றி ஆடவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். அது வீரமும் அழகும் உடைய பறவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பந்தயத்திற்கென அதனை வளர்த்து, மனைவி முட்டை விற்றுச் சேர்த்த காசைக் கட்டுச் சேவலின் காலில் வைத்து இழந்த வீடுகள் நமது சமூகத்திலும் இருக்கின்றன. மிருகங்களைச் சண்டையிடத் தூண்டுதல் 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். சங்கம் வழங்கும் கோழிகள் அவ்வழிக்குச் செல்லாதபடி, அவற்றைப் பெண்மணிகளின் பெயரிலேயே பதிவு செய்து கொடுக்க வேண்டுமென்பது எமது கோரிக்கை.

நாட்டுக்கோழி ஏன் குறைவாக இடுகிறது? இதனை அறியாமல் அதனைச் சோம்பேறி என்று பழிப்பது நியாயமன்று. பெட்டை ஏறக்குறைய 20 நாட்களில் 12 முதல் 15 முட்டைகள் இடும். பின்பு அடையில் அமர்ந்து 21 நாட்கள் கழிக்கும். குஞ்சு பொரித்தபின் இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் அவற்றுடனே திரியும். இவ்வாறு ஒரு சுற்றுக்கு 100 நாட்களுக்கு மேல் ஆகிறது. ஆண்டில் மூன்று சுற்றுக்களே நிகழ, 40 முதல் 50 முட்டைகளே கிடைக்கின்றன. எஞ்சிய நாட்களெல்லாம் தாய்மைத் தொழிலிற் கழிகின்றன. குஞ்சுகளை மூன்று நான்கு வாரங்களிற் பிரித்து வெதுவெதுப்பான இடத்திலே தனியே வளர்த்தால், தாய் விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும்; ஆண்டிற்கு ஒரு சுற்று கூடுதலாகக் கிடைக்கும். லெகார்னோ தன் தாய்மையை விடுத்தே முட்டையைப் பெருக்கிற்று. லெகார்ன் மட்டும் உள்ள வீட்டில் குஞ்சு பொரிப்பாரில்லை. கோழி முதிர்ந்ததும் மறுபடியும் கடைக்கே போக வேண்டும். கைம்பெண்ணொருத்திக்கு அவ்வாறு ஆண்டு தோறும் வாங்கப் பணம் எங்கிருந்து வரும்?

இவ்விரண்டுக்கும் நடுவே, புழக்கடைக்கென்றே ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கிய இனங்கள் இருக்கின்றன. ஹைதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி நிலையத்தின் வனராஜா, கிராமப்பிரியா என்பன அவ்வகையின. வனராஜா இறைச்சிக்கும் முட்டைக்கும் பொதுவானது. கிராமப்பிரியா முட்டைக்கே சிறந்தது. புழக்கடையிலும் ஆண்டுக்கு 150-க்கு மேல் இடக்கூடியது. நமது மாநிலத்துக் கால்நடைப் பல்கலைக்கழகத்தாரும் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி என்பவற்றை வெளியிட்டனர். இத்தகைய கலப்பினங்களின் முட்டையை அடைவைத்தால் தாயின் குணம் குஞ்சில் அப்படியே வாராது என்பதை மட்டும் மறத்தலாகாது. தெருவில் கூடையிற் கொண்டு வந்து சாயம் பூசிய குஞ்சுகளை மலிவாக விற்பாரிடம் வாங்குவதோ முற்றிலும் தகாது. அவை பெரும்பாலும் முட்டைக் கோழிப் பண்ணையார் கழித்த சேவற் குஞ்சுகளே.

ஆகவே எமது யோசனை கலப்புக் கூட்டமே. ஒரு வீட்டிற்கு நாட்டுப் பெட்டை நான்கு, கிராமப்பிரியா போன்ற முட்டையினப் பெட்டை நான்கு, நாட்டுச் சேவல் ஒன்று, ஆக ஒன்பது. முட்டையினம் நான்கும் ஆண்டுக்கு 600 முட்டைகள் தருமென வைத்துக்கொண்டால், வாரத்திற்குப் பதினொன்று ஆகும். குழந்தைகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை விற்கலாம். முட்டையொன்றில் 6 கிராம் அளவு புரதம் உண்டு. நாட்டு முட்டைகளை ஏழு நாட்களுக்கு மேற்படாமற் சேர்த்துப் பென்சிலால் தேதி குறித்து அடைவைத்தல் நலம். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கின்முன் பிடித்துப் பார்த்தால், கருவுற்றதில் செந்நிற நரம்புகள் தெரியும், தெளிந்திருப்பதை நீக்கிவிடலாம். ஈராண்டுக்கு ஒருமுறை சேவலை அயலூராரோடு மாற்றிக் கொள்ளாவிடில் நெருங்கிய இரத்தக் கலப்பால் குஞ்சுகள் நலியும்.

பல இனங்கள் கூடி வாழும்போது பூசல் நேரும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்துவது என்னும் வரிசை உண்டென்பதை 1921-ல் நார்வே தேசத்தாராகிய ஷெல்டெருப்-எப்பே என்பார் விளக்கினார். பெருவிடை முன்னின்று தின்ன, லெகார்ன் ஒதுங்கிப் பட்டினி கிடக்கும். இதற்குப் பரிகாரம் எளிது: தீனியும் தண்ணீரும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல், புதுக்கோழியைப் பகலிற் கூட்டத்தில் விடாது, இரவில் அடையுமிடத்திற் சேர்த்தல், எடை மிக்க சேவலைச் சிறு பெட்டைகளோடு விடாதிருத்தல். மேயும் கோழிக்கும் தலைக்கு 40 முதல் 50 கிராம் தானியம் வேண்டும். முட்டையோட்டிற்குச் சுண்ணாம்புச் சத்து தேவையாதலின் கிளிஞ்சலைத் தூளாக்கித் தனிச் சட்டியில் வைக்கலாம். கீரியும் நாயும் நுழையாத இரவுக் கூடு இன்றியமையாதது.

இனி எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. எந்த இனமானாலும் வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரு வாரத்திற்குள் கூடு வெறுமையாகும். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், பின்னர் 1927-ல் நம் நாட்டு ராணிக்கேத்திலும் கண்டறியப்பட்டமையின் இதனை ராணிக்கேத் நோய் என்பர். இதற்குத் தீர்க்கும் மருந்தில்லை. தடுக்கும் மருந்து உண்டு. முதல் வாரத்திற் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் இடுவர். கால்நடை மருத்துவரை அணுகினால் முறை சொல்லித் தருவார். ஆனால் ஒரு சங்கடம். மருந்துக் குப்பியொன்று நூறு கோழிக்கும் அதற்கு மேற்பட்டவைக்கும் போதுமானது. கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். ஒன்பது கோழி வைத்திருக்கும் ஒரு பெண்மணி தனியே அதனைப் பயன்படுத்தல் இயலாது. நம் தெரு முழுவதும் சேர்ந்தாலும் நூறு கோழி தேறாத ஊர்கள் உண்டு.

ஆகையால், அன்பர்களே, நம்மவர் வீட்டுக் கோழிக்கு மட்டும் ஊசியிட்டுப் பக்கத்துத் தெருவாரை விலக்குவோமாயின், மருந்தும் வீணாகும். நோயும் வேலி தாண்டி வரும். நோய்க்கு நம் தெரு, அவர் தெரு என்ற பேதம் இல்லை. எச்சமூகத்தாரின் கோழியாயினும் ஒரே நாளில் ஒரே இடத்தில் ஊசியிடுவதற்குச் சங்கக் கட்டடத்தின் முற்றத்தைத் திறந்துவிட வேண்டும். இஃது உதாரத்துவமன்று, தற்காப்பேயாகும். சிலருக்கு இவ்வார்த்தை கசக்கலாம். எனினும் சொல்லாதிருத்தல் எமக்குத் தகாது.

முடிவாக யாம் சபையார் முன் வைக்கும் பிரேரணைகள் மூன்று. ஒன்று, உதவி பெறும் ஒவ்வொரு வீட்டிற்கும் நாட்டுக் கோழியும் முட்டையினமும் கலந்து கொடுத்தல். இரண்டு, கோழிகளைப் பெண்மணிகளின் பெயரிற் பதிந்து, அவற்றின் வருமானம் அவர்கள் கையிலேயே தங்கச் செய்தல். மூன்று, ஆண்டு தோறும் கால்நடைத் துறையார் உதவியுடன் ஊரார் அனைவருக்கும் பொதுவாகத் தடுப்பூசி நாள் நடத்துதல். இம்மூன்றாவதனை ஏற்காவிடில் முதலிரண்டும் பயன்படா. கோழி வாங்கும் பணத்தை வங்கியிலேயே விட்டு வைத்தல் மேலாகும். சபையோர் நன்கு ஆலோசித்து வாக்களிக்குமாறு வேண்டுகின்றோம்.