விசைமேல் எழுதும் பெயர்



இன்றைய பெரிய அவைக்கூடங்களில், மேடையை விட்டு ஒதுங்கிய ஓர் அறையில், இரும்பு அடுக்கினுள் ஒரு பெட்டி அமர்ந்திருக்கும். படப்பிடிப்புக் கருவியும் கணினியும் ஒலிவாங்கியும் தரும் காட்சியையும் ஒலியையும் வேண்டிய திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் பிரித்தனுப்புவது அதன் பணி. அதன் முகப்பில் வரிசை வரிசையாக விசைகள், விசைதோறும் ஆங்கிலம். அதனை இயக்கும் இளைஞன் தமிழ்வழியிற் பயின்றவனாயின், கூட்டத்தின் நடுவே திரை இருண்டால், முதலில் அவன் தேடவேண்டுவது குறையை அன்று. அந்தச் சொற்களின் பொருளை. இவ்விழிவுக்குப் பொறி பொறுப்பா, பொறியை வாங்கியோர் பொறுப்பா என்பதே இவ்வுரையின் கேள்வி.

பெட்டியின் உள்ளமைப்பு எளியது. நெடுக்குக் கம்பிகளும் குறுக்குக் கம்பிகளும் ஒன்றையொன்று வெட்டும் இடந்தோறும் ஓர் இணைப்பு. உள்வாய் 16, வெளிவாய் 16 எனின் இணைப்பிடங்கள் 256. இது தொலைபேசியாளர் கண்ட வழி. 1938-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பெல் அமைப்பினர் இம்முறையில் ஒரு பெரிய இணைப்பகத்தை இயக்கினர். அன்று உலோகத் தண்டுகள் அசைந்து செய்த வேலையை இன்று மின்னணுச் சில்லுகள் செய்கின்றன. ஓர் உள்வாயை எத்தனை வெளிவாய்க்கும் அனுப்பலாம். ஆனால் ஒரு வெளிவாய் ஒரு பொழுதில் ஓர் உள்வாயையே ஏற்கும். ஓருறையில் இரு வாள் புகா. காட்சிக்கொரு பலகை, ஒலிக்கொரு பலகை எனத் தனித்தனியே செருகத் தக்கதாய் இருப்பதால், கூடம் வளர வளரப் பொறியும் வளரும்.

இனி விசைக்கு வருவோர் ஓர் உண்மையை உளங்கொள்ள வேண்டும். விசைக்குத் தன்னளவில் எப்பொருளும் இல்லை. அழுத்தினால் அது ஓர் எண்ணை மட்டுமே உள்ளே அனுப்புகிறது. அவ்வெண் உள்வாயைக் குறிப்பதா, வெளிவாயைக் குறிப்பதா, காட்சி தனி ஒலி தனி எனப் பிரிப்பதா, ஆணையை நிறைவேற்றுவதா என்பதை நினைவகத்திலுள்ள ஒரு பட்டியலே சொல்கிறது. விசைகளை நிரலிட இடந்தரும் பொறிகளில், கணினியை ஒரு வடத்தால் இணைத்து அப்பட்டியலை மாற்றியெழுதலாம். எந்த உள்வாய், எந்த வெளிவாய் எனத் தேர்ந்து, பின்னர் நிறைவேற்று விசையை அழுத்துவதே பொது நடைமுறை. பேச்சாளரின் உருவத்தை எல்லாத் திரைகட்கும் அனுப்பிவிட்டு, பக்கத்துக் கூடத்திற்கு மட்டும் மொழிபெயர்ப்பாளரின் குரலை அனுப்ப வேண்டுமா? காட்சியையும் ஒலியையும் பிரித்து இருமுறை ஆணையிட்டாற் போதும். இவ்வாறு அமைத்த இணைப்புகள் அனைத்தையும் முன்னமைவாகச் சேமித்து ஒரே விசையில் ஏற்றவும் கூடும். 'வரவேற்பு', 'உரை', 'படக்காட்சி' என மூன்று விசை இருந்தால், புதியவனும் கூட்டத்தை நடத்திவிடுவான்.

பல பொறிகளில் விசையின் மூடி கண்ணாடிபோல் தெளிவானது; மூடியைக் கழற்றித் தாள்துண்டைச் செருகலாம். அங்கே தமிழ் எழுதுவதை எந்த அயலான் தடுத்தான்? நிறுவ வந்தோர் ஆங்கிலத் தாளைச் செருகினர். பெற்றுக்கொண்டோர் வாய்திறவாது கையெழுத்திட்டனர். அவ்வளவே!

விசையிலேயே சிறு மின்திரை உள்ள பொறிகளின் நிலை வேறு. அங்கே குறை மெய்யாகவே பொறிப்பக்கம் இருக்கலாம். 1963-இல் அமெரிக்கர் வகுத்த எழுத்துக்குறியேட்டில் 128 இடங்களே, தமிழுக்கு ஒன்றுமில்லை. 1991-இல் ஒருங்குறி தமிழுக்கு இடம் அளித்தது. ஆயினும் அகரமேறியவை நீங்கலான உயிர்மெய்யெழுத்துகளுக்குத் தனியிடம் தரவில்லை. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளாக உடைகிறது. பெருவழக்கான எழுதுமுறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு, ஆகப் பதினைந்து. ஆங்கிலத்தில் அதே பெயருக்கு ஐந்தே. பெயருக்குப் பன்னிரண்டு பைட்டு மட்டும் ஒதுக்கிய பொறியில் 'தமிழ்' என்று கூட எழுத இயலாது! தமிழ் நீளமானது என்று எள்ளுவோர் இக்கணக்கை அறியார். எழுத்துக்கு ஓரிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியீட்டைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றது உண்மையே. எனினும் அது தனிப்பயன் பகுதியில் அமர்ந்திருப்பதால் அயல்நாட்டுப் பொறிகள் அதனைப் படிக்கும் என்று நம்புவதற்கில்லை.

ஆகவே விலை கேட்கும் மடலிலேயே மூன்றைக் கேட்டெழுத வேண்டும்: விசைத்திரை ஒருங்குறித் தமிழைப் பிழையின்றிக் காட்டுமா, பெயருக்கு எத்தனை பைட்டு இடம், விசைப்பட்டியலை வாங்குவோரே மாற்ற இயலுமா. மூன்றாவதற்கு 'இயலாது' என்று விடை வருமாயின் அப்பொறியை வாங்காது விடுதல் நன்று; ஒரு பெயரை மாற்றவும் ஒவ்வொரு முறையும் விற்றவனையே அழைத்துக் கூலி கொடுக்க நேரும். முன்பே வாங்கிய கூடத்தார் தாளைத் தமிழில் அச்சிட்டுச் செருகலாம். செருகியபின் ஒவ்வொரு விசையையும் அழுத்தி, எழுதிய பெயரும் எரியும் திரையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். தாள் ஒன்று இடம் மாறினாலும் வரவேற்பு விசையில் படம் ஓடும். மாற்றிய பட்டியலின் படியொன்றைக் கணினியிலும், தாளில் ஒன்றை அடுக்கின் கதவிலும் வைத்தல் வேண்டும்.