ஆகாயத்துக்குப் பூட்டா?

(காட்டூர் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



டெலிவிஷனில் வரும் படத்தைப் பார்ப்பவன் பதிவு செய்து வைத்துக் கொள்ள முடியாதபடி அதற்குப் பூட்டுப் போட வேண்டும் என்று படமுதலாளிகள் கேட்கிறார்கள். இதற்கு ஒளிபரப்புகிறவர்கள் இணங்கலாமா என்பதே நாம் யோசிக்க வேண்டிய சங்கதியாகும்.

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை இருக்கிறது. (அதில் சாதி பார்ப்பது தனிச் சங்கதி, அதையும் ஒருநாள் பேசுவோம்.) முறை வந்தவன் வலையில் பட்ட மீன் அவனுடையது. அதற்காக ஏரியே தன்னுடையது என்று சொன்னால் நீங்கள் விடுவீர்களா? ஆகாய அலைகளும் அப்படித்தான். அவை பொதுச் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புக் கூறியிருக்கிறது.

"அப்படியானால் படம் எடுத்தவன் வயிற்றில் மண்ணா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. திருட்டுப் பிரதி விற்பவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டம் ஒளிபரப்பு நிலையத்துக்கு 25 வருஷ உரிமை தருகிறது. ஆனால் அதே சட்டத்தின் 39-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கோ பாடம் சொல்லிக் கொடுக்கவோ பதிவு செய்வது குற்றமல்ல என்கிறது. 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவும், உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவனையே தண்டிக்கிறது. சட்டம் எண்ணத்தைப் பார்க்கிறது. பூட்டு எதைப் பார்க்கும்? திருடன் யார், வாத்தியார் யார் என்று அதற்குத் தெரியுமா? 25 வருஷம் கழிந்ததும் தானே திறந்து கொள்ளுமா?

அமெரிக்காவில் 2003-ல் சர்க்கார் கமிஷன் இப்படி ஒரு உத்திரவு போட்டது. பூட்டில்லாவிட்டால் உயர்ந்த படங்களைத் தரமாட்டோம் என்று பட முதலாளிகள் மிரட்டினார்கள். புத்தகசாலைக்காரர்கள் வழக்காடினார்கள். 2005-ல் கோர்ட்டு, கமிஷனுக்கு அந்த அதிகாரமே இல்லையென்று உத்திரவைத் தள்ளிவிட்டது. அதனால் அங்கே டெலிவிஷன் அழிந்துவிட்டதா? இலவச ஒளிபரப்பு இன்றும் நடந்து கொண்டுதானிருக்கிறது. மிரட்டல் வெறும் பூச்சாண்டியே என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

இராமுழுதும் கடலில் கிடந்து விடியலில் கரையேறுகிறவன், இரவு காட்டியதைப் பகலில் பார்க்க விரும்பினால் அது திருட்டாகுமா? 1984-லேயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று சொல்லிவிட்டது.

ஆதலால் தோழர்களே, ஒளிபரப்புகிறவர்கள், முக்கியமாக நமது வரிப்பணத்தில் நடக்கும் தூர்தர்ஷன், இந்தப் பூட்டுக்கு இணங்கக் கூடாது. திருடனைப் பிடிப்பது கோர்ட்டின் வேலை. அதற்காக ஊரார் கண்ணையெல்லாம் கட்டிவிட வேண்டும் என்பவனுக்கு, திருட்டை ஒழிப்பதைவிட நம்மிடம் மறுபடியும் மறுபடியும் காசு பறிப்பதிலேயே கவலை என்பதை நீங்கள் அறிய வேண்டும்.